பின்வளவில் வெட்டாத குழி

9.6.1963, ஞாயிறு

கடைக்கு மேலே சாமான் அடுக்கி வைத்திருந்த மாடித் தட்டை வீடாக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஆடி பிறக்குமுன் மேலே குடிபோக வேண்டுமாம். "மேலே" என்று சொல்லவே வாய் இனிக்கிறது. கல்யாணமாகி வவுனியாவுக்கு வந்த நாள்முதல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில்தான் மாமி, இவர், நான், விற்காத வேட்டிக் கட்டுகள் எல்லாரும் ஒன்றாகப் படுக்கிறோம்.

வயரிங் செய்ய ஜவாஹிர் நானா வந்தார். இவர் என்னைக் காட்டி, "ரீச்சரோட கதையுங்கோ, பிளான் எல்லாம் அவாதான்" என்றுவிட்டுக் கடைக்குள் நழுவிவிட்டார். கணக்குப் படிப்பிக்கிறவளுக்குக் கரண்டும் தெரியும் என்று நினைப்பு. தெரியாதென்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

மேலே விறகு எரிக்க முடியாது. புகை கடைப் புடவையில் ஏறிவிடும். ஆகவே கரண்டு அடுப்பு. மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சின்ன பியூஸ் பெட்டி, அதிலிருந்து மூன்று பிரிவு: லைட்டுகளுக்கு ஒன்று, றேடியோவுக்கும் அயனுக்கும் ஒன்று, அடுப்புக்குத் தனியாக ஒன்று. ஒன்று போனாலும் மற்றவை வேலை செய்யும். கொப்பியில் பிளானைக் கீறி முடித்தபோது எனக்கே என்னில் ஒரு மதிப்பு வந்தது.

13.6.63

பியூஸ் பெட்டிக்கு நான் குறித்த சுவர், மாமிக்குச் சாமிப்படம் மாட்ட வேண்டுமாம். விட்டுக்கொடுத்தேன். பெட்டி கொஞ்சம் தள்ளிப் போகிறது. வயரும் கொஞ்சம் கூட வேண்டும்.

20.6.63, வியாழன்

சுவரில் ஆணி அடிக்கிற நாள். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது. அதற்காக மாமி என்னைப் பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்காவிடம் அனுப்பிவிட்டா. அடிக்கிற சத்தம் அங்கேயும் கேட்டது. அது கணக்கில் இல்லைப் போலும்.

சிரிக்கிறேன், ஆனால் மாமியின் பயமும் விளங்குகிறது. போன வருஷம் ஒன்று தங்கவில்லை. அந்த நேரம் பின்வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் அவா முடிச்சுப் போட்டுவிட்டா. அந்த முடிச்சை யார் அவிழ்ப்பது?

24.6.63, திங்கள்

இன்று குழிச் சண்டை.

நானா சொன்னது: "அடுப்பின்ர உடம்பு இரும்பு, ரீச்சர். உள்ளுக்குள்ள பழுது வந்தா கரண்டு உடம்புக்கு வரும். ஏர்த் கம்பி இருந்தா அது நிலத்துக்குள்ள ஓடும், பியூஸும் எரிஞ்சு போகும். இல்லாட்டி தொடுற ஆளுக்குள்ளாலதான் ஓடும்." அதற்குப் பின்வளவில் ஆளுயரக் குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூட வேண்டும்.

குழி என்ற சொல்லைக் கேட்டதுமே மாமி வெளியே வந்துவிட்டா. "பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு நாள் துடக்குக் கழியட்டும், பிறகு எத்தினை குழியெண்டாலும் வெட்டுங்கோ. இப்ப இந்த வளவிலை மண்வெட்டி படக்கூடாது."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கை வயிற்றுக்குப் போய்விட்டது. பேசாமல் இருந்துவிட்டேன்.

நானா அடுப்பின் பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "குழி வெட்டுற அண்டைக்குத் தாறன். அதுவரைக்கும் அடுப்பைத் தொடாதீங்கோ." பச்சை ஏர்த் கம்பியைச் சுருட்டிக் குசினி யன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருக்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

12.7.63, வெள்ளி

குடிபுகுந்தோம். பால் மட்டும் கீழே விறகடுப்பில் காய்ச்சி மேலே கொண்டுவந்தோம். சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க வெளிச்சம். மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டா. சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன்.

19.7.63

கீழே சமைத்துவிட்டுச் சோற்றுப்பானையோடு படி ஏற மூச்சு வாங்குகிறது. மாமி பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு இவரிடம் மெல்ல ஏதோ கதைத்தா.

20.7.63, சனி

இவர் எங்கேயோ ஒரு பியூஸ் வாங்கி வந்து தானே மாட்டிவிட்டார். நானா சொன்னதை நினைப்பூட்டினேன். "ஏர்த் இல்லாமலே ரெண்டு கம்பியிலை எரியுதுதானே. புது அடுப்பு, என்ன பழுது வரப்போகுது? நீர் படியேறி விழுந்தா என்ன செய்யிறது?"

என்னில் வைத்த அன்பில் செய்கிறார்கள். மாமியும் அப்படித்தான். இதில் நான் யாரோடு சண்டை பிடிக்க?

தேநீர் நல்லாக இருந்தது.

29.7.63

கஞ்சி பொங்கி அடுப்புக்குள் வடிந்துவிட்டது. ஆறியபின் துடைத்தேன். உள்ளே போனதை எப்படித் துடைப்பது?

1.8.63, வியாழன்

பானையைத் தொட்டபோது உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது போல் இருந்தது. மாமி சொன்னா, "இந்த மாதத்திலை கை விறைக்கிறது வழமை பிள்ளை, எனக்கும் இருந்தது." இருக்கலாம். ஆனால் ஏன் அடுப்படியில் மட்டும்?

3.8.63, சனி

செருப்போடு நின்று பானையைத் தொட்டுப் பார்த்தேன். கூசவில்லை. கழற்றிவிட்டுத் தொட்டேன், கூசியது. அப்போ கையில் இல்லை. அடுப்பிலைதான்.

அதற்குள் மாமி செருப்பைக் கண்டுவிட்டா. "அடுப்படிக்குள்ளை செருப்போ?" அடுப்பு அவாவுக்குச் சாமி மாதிரி.

கீழே சமைப்போம் என்றேன். பழைய குசினியில் இப்போது கூரைவரை புடவைக் கட்டு. இவர் நானாவுக்கு ஆள் அனுப்பினார். முல்லைத்தீவில் வேலையாம், முடிந்ததும் வருவாராம். அதுவரைக்கும் மரப்பலகை போட்டு அதில் நிற்கச் சொல்கிறார் இவர்.

எனக்குப் பயமாக் கிடக்கு. ஆருக்குச் சொல்ல? எல்லாருக்கும் சொல்லிப் போட்டன்.

7.8.63

பலகையில் நின்று சமைத்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிள்ளை நல்லாக உதைக்கிறது.

17.8.63, சனி, ஆஸ்பத்திரி

எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

திங்கட்கிழமை மாமி குசினியைக் கழுவிவிட்டுப் பலகையை வெயிலில் காயப் போட்டிருக்கிறா. நிலம் ஈரம். பானையில் ஏதோ கருகும் மணம். இறக்கத்தான் கை போனது. பிடித்த கையை விட முடியவில்லை. இவர் ஓடிவந்து பெட்டியில் பியூஸைப் பிடுங்கினாராம். நான் பிழைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து பிள்ளை அசையவில்லை. வியாழக்கிழமை பிறந்தது. பெடியன். அழவே இல்லை. தலை நிறைய மயிர்.

மாமி கட்டில் காலடியில் நிலத்தில் இருக்கிறா. என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவாவில் கோபம், இவரில் கோபம், பியூஸைக் கொண்டுபோனதோடு வேலை முடிந்ததென்று நினைத்த நானாவிலும் கோபம். குழிச் சண்டையன்று வாய் திறக்காத என்னிலைதான் எல்லாரையும்விடக் கூடக் கோபம்.

2.9.63, திங்கள்

ஜவாஹிர் நானா இரண்டு ஆட்களோடு காலையிலேயே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

ஏர்த் குழிக்கு மாமிதான் இடத்தைக் காட்டினா. உப்பையும் கரியையும் அவாவே சுமந்து வந்தா. மண் காய்ந்து கல்லாக இருந்ததால் ஆட்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டினார்கள்.

மத்தியானத்துக்கு முன் குழி முடிந்துவிட்டது. வெட்டலாமோ என்று இன்று யாரும் யாரையும் கேட்கவில்லை.