எழுபத்திரண்டு கண்ணி

இந்த நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இத்தனை மாதம் கழித்தும் உன் நூல் இருந்த கவரைப் பிரித்ததும் உங்கள் மொட்டை மாடி வாடைதான் அடித்தது. சாயமும் சோடாவும் காயாத பருத்தியும் கலந்த அதே வாடை.

போன மாதம் உன் அம்மா தஞ்சாவூருக்கு வந்து என் கையில் கொடுத்தார்கள். "அவ கடைசியா சாயம் போட்டதும்மா. பாப்பா பொறந்த நாளுக்கு இதுல ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடு. நான் வந்து கண்ணால பாத்துட்டுப் போறேன்" என்றார்கள். வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு ஒரு வயது. அம்மா திருவையாற்றிலிருந்து காலையிலேயே வந்துவிடுவார்கள்.

படிப்பு முடித்து நாம் இருவரும் வேலை தேடி அலுத்துப்போயிருந்தபோது நீதான் இதை ஆரம்பித்தாய். மாடியின் இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒரு நாற்காலி. இரண்டையும் சுற்றி நூலை ஓட்டி, மூன்று பாகமாகக் கட்டி, ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு வாளியில் முக்குவோம். அப்புறம் நிறம் மாற்ற நூலை அறுக்கவே வேண்டாம். பின்னப் பின்னக் கோடு தானாக விழும். ஆனால் எந்த அளவு உடுப்புக்கு என்பது சாயம் போடும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஒரு நிறம் சரியாக நாலு வரிசைக்கு வர வேண்டும். உடுப்பின் சுற்றளவு கூடினால் நிறம் வரிசை நடுவிலேயே தீர்ந்து, கோடு உடைந்துபோகும்.

முதல் ஆர்டரை அப்படித்தான் கெடுத்தோம். பாதியை நீ முழம் போட்டு அளந்தாய், மீதியை நான் அளந்தேன். "உன் கை குட்டைடி. உன்னை நம்பினா குரங்குக்குத்தான் சட்டை போட முடியும்" என்று சிரித்தாய். மறுநாளே கடைவீதியில் டேப் வாங்கினோம்.

நான் மாசமாக இருந்தபோது, பிறக்கும் முன்னால் பிள்ளைக்கு எதுவும் தைக்கக் கூடாது என்று என் மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ விட்டாயா? "நூல் எப்படி அத்தை துணியாகும்? ஊசில ஏத்தினாத்தானே துணி?" என்றாய். "உனக்கு வாய் மட்டும்தான்டி" என்று அவரும் சிரித்துவிட்டார். சாயம் போட்டுத் தயாராக வைத்திருந்து, பாப்பா பிறந்த மூன்றாம் நாள் ஸ்வெட்டரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாய். உனக்கு ஏற்கெனவே இரண்டு முறை கரு கலைந்திருந்தது. அது தெரிந்தும், "உனக்குன்னு எப்பதான்டி சாயம் போடப் போற?" என்று கேட்டேன். நீ பாப்பாவின் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நான் பூதலூரில் என் அம்மா வீட்டில் இருந்தேன். நமக்குள் போன் மட்டும்தான். ஒரு மத்தியானம் கூப்பிட்டாய். பாப்பா கத்திக்கொண்டிருந்தாள்.

"கால் வீங்கிக் கெடக்குடி. செருப்பு நுழைய மாட்டேங்குது. தலைவலி வேற."

"நாள் பூரா வெயில்ல நின்னு சாயம் போட்டா வீங்காதா? உக்காந்து வேலையப் பாரு."

 "சரி, பாப்பா அழுவுது பாரு, போ" என்றாய்.

ஐந்தாம் நாள் ரத்தக் கொதிப்பு ஏறி உனக்கு வலிப்பு வந்து தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நீயும் வரவில்லை, வயிற்றில் இருந்த பிள்ளையும் வரவில்லை. நீ மாசமாக இருந்ததே சாவு வீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. "ஏழாம் மாசம் தாண்டட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னா" என்று உன் அம்மா அழுதார்கள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வாரம் செக்கப் இருந்துச்சேம்மா. முடியலன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லலியே" என்றார்கள். நீ எனக்குப் போன் செய்ததை நான் சொல்லவில்லை.

போன வாரம் பாப்பாவின் அளவுக்கு ஊசியில் தொண்ணூறு கண்ணி போட்டுப் பின்னத் தொடங்கினேன். இரண்டாம் நிறத்திலேயே கோடு உடைந்தது. நீ அளவு தப்புகிறவள் இல்லை. பிரித்து எண்பத்து நாலு போட்டேன், உடைந்தது. எழுபத்தெட்டு போட்டேன், அதுவும் உடைந்தது. "கோடு உடைஞ்சா என்ன? புள்ளைக்குத் தெரியப் போவுதா?" என்றார் மாமியார். எழுபத்திரண்டு போட்டதும் நாலு வரிசை பச்சை, நாலு வரிசை மஞ்சள், நாலு வரிசை பழுப்பு என்று கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தது.

எழுபத்திரண்டு என்றால் பிறந்த குழந்தையின் அளவு. அது நம் இருவருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆர்டர் நூல் என்றால் பெயர்ச் சீட்டு கட்டியிருப்பாய். இதில் சீட்டு இல்லை. நாற்றங்கால் பச்சை, கதிர் மஞ்சள், ஆற்றில் முதலில் வரும் புதுத் தண்ணீரின் பழுப்பு. "இந்த மூணையும் யாருக்கும் குடுக்க மாட்டேன், எனக்கு வேணும்" என்று நீ சொன்னபோது ஏதோ புடவைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

உன்னிடம் மறைக்கவில்லை. தெரிந்ததும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பயம். பிறக்காமல் போன பிள்ளையின் நூலை என் பிள்ளை மேல் எப்படிப் போடுவேன்? போன மாதம் காய்ச்சலில் கிடந்தாளே, அப்போதும் இந்தக் கவர் வீட்டில் இருந்ததே என்றெல்லாம் புத்தி போகிறது. எம்.எஸ்ஸி. படித்தவள் நான். இப்போதும் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உன்னைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்பது எவ்வளவு கேவலம்.

ஆனாலும் பிரிக்க மனசு வரவில்லை. எழுபத்திரண்டிலேயே பின்னி முடித்துவிட்டேன். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு கோடும் உடையவில்லை. மாமியார் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பாப்பாவுக்குத் தலையே நுழையாதே. அவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

அளவு தப்பிவிட்டது என்று சொல்லிவிடலாம். அம்மா நம்பிவிடுவார்கள். ஆனால் இது யாருக்காகப் போட்ட நூல் என்று சொன்னால் என் வாய் அதோடு நிற்காது. நீ ஒரு வார்த்தை சொன்னாய், அம்மாவிடம் அல்ல, என்னிடம் சொன்னாய் என்பதும் வெளியே வந்துவிடும். அதற்குப் பிறகு அவர்கள் பாப்பாவைத் தூக்குவார்களா, இந்த வாசலை மிதிப்பார்களா, தெரியாது. சொல்லாமல் விட்டால், மகள் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவர்கள் இன்னும் எத்தனை வருஷம் குமைவார்களோ, அதுவும் தெரியாது.

சொல்லிவிடுவது என்றுதான் இருக்கிறேன். வேண்டாம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எப்படியாவது பதில் சொல்லு.