தட்ட மாட்டேன்

செவ்வாய், மாலை

என் செல்ல வாலுவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நடுவில் ஒரு கதவுதான். நீ அதற்குத் தாழ்ப்பாள் போட்டு மூன்றாவது வாரம் நடக்கிறது. நான் வாயைத் திறந்தால் சண்டை வருகிறது, உன் போனையும் நானே பிடுங்கி வைத்துவிட்டேன். அதனால்தான் கதவுக்கு அடியில் இந்தக் காகிதம்.

தலைமையாசிரியை இன்று என்னை வேனிலிருந்து இறங்கச் சொன்னார். "திங்கட்கிழமை பரீட்சைக்கும் வரலைன்னா பேரை எடுத்துடுவோம்மா. இனிமே எங்க கையில இல்ல" என்றார். வேன் பிள்ளைகள் அத்தனையும் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தன. தெருத் தெருவாக ஹாரன் அடித்து ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்குகிறேன், நான் பெற்றது மட்டும் வீட்டில்.

உனக்கு என்ன குறை வைத்தேன்? விடியுமுன் எழுப்பி, பை அடுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, ஒப்பிக்க வைத்து, இன்னும் என்ன செய்ய? பயமாக இருக்கிறது, கண்ணு. ஒரு வரியாவது எழுது.

உன் அம்மா

பி.கு. சாப்பிட்ட தட்டை வெளியே வை. கரப்பான் வரும்.

புதன்

அம்மாவுக்கு,

தட்டை வைத்துவிட்டேன்.

நீ கேள்வி கேட்டால் எனக்குப் பதில் வரும். உன் குரலில் கேட்டால்தான் வரும். போன பரீட்சையில் இருந்ததெல்லாம் நீ கேட்ட கேள்விகள்தான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. தலையைத் தூக்கி உன்னைத் தேடினேன். "யாரைப் பார்க்குற?" என்று மிஸ் அதட்டினார்கள். வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்து, நன்றாக எழுதினேன் என்று உன்னிடம் சொன்னேன்.

பதினாறு வயதாகிறது. என் பையில் எது எங்கே இருக்கிறது என்றுகூட உன்னைக் கேட்டால்தான் தெரியும். திரும்ப அந்த ஹாலுக்குள் போக என்னால் முடியாது.

மகள்

வியாழன்

வாலு,

உன் கடிதத்தைச் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் படித்தேன். பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் நின்றவன் என் பரம்பரையையே திட்டித் தீர்த்தான்.

முதலில் கோபம்தான் வந்தது. மாடாய் உழைத்தால் பழியும் என் தலையிலா என்று. நீ என்னைத் தேடிய நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். பள்ளிக்கு வெளியே, வேனிலேயே, உனக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு அழுகை வந்துவிட்டது.

நான் என்ன செய்யட்டும், சொல். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு என்று மட்டும் சொல்லாதே. வேறு எதுவானாலும் செய்கிறேன்.

உன் அம்மா

வெள்ளி

அம்மா,

அதைத்தான் சொல்லப் போகிறேன். திங்கட்கிழமை நானே எழுந்திருக்கிறேன். நீ கதவைத் தட்டக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அலாரம் கடிகாரத்தை மட்டும் அறை வாசலில் வை. எவ்வளவு நேரமானாலும் நானாக வரும்வரை சும்மா இரு. ஒரே ஒரு காலை.

போகாமல் இருந்துவிடுவேனோ என்று எனக்கும் பயம்தான்.

மகள்

ஞாயிறு

கண்ணு,

தட்ட மாட்டேன். கூப்பிட மாட்டேன். சத்தியம்.

நாளைக்கு என் வேன் பிள்ளைகளை இன்னொரு வேன்காரர் ஏற்றிக்கொள்கிறார். வீட்டுக்குள் இருந்தால் என் கை சும்மா இருக்காது. அதனால் கீழே வேனில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ வந்து ஏறினால் போதும். வழியில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

உன் அம்மா

திங்கள், காலை, வேனில்

வாலு,

இருப்புக்கொள்ளாமல் எழுதுகிறேன். உன் ஜன்னலில் விளக்கு எரியவில்லை. அலாரம் எப்போதோ அடித்திருக்கும். எதிர்வீட்டுக்காரர், "என்னக்கா, இன்னைக்கு லீவா?" என்கிறார். வேன் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

மற்ற வேன்களெல்லாம் போய்விட்டன. இன்னும் விளக்கு இல்லை. இத்தனை வருஷப் படிப்புடி. எழுந்திரு, என் தாயே. மணி அடித்தால் கேட்டைச் சாத்திவிடுவார்கள். தட்டக் கூடாது என்றாய், தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. இதற்கு மேல் என்னால் முடியாது. கை ஸ்டியரிங்கில்தான் இருக்கிறது

புதன்

அம்மா,

பேரை எடுத்துவிட்டார்கள் என்று நேற்று நீ கதவுக்கு வெளியே அழுதது கேட்டது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

அலாரத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். விளக்குப் போட்டால் நீ பார்ப்பாய் என்று இருட்டிலேயே சீருடை மாட்டினேன். பையை நானே அடுக்கினேன். ஒரு பேனா எழுதவில்லை, வேறு எடுத்துக்கொண்டேன். ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கேள்விகளை என் குரலிலேயே கேட்டுப் பார்த்தேன். பதில் வந்தது அம்மா. ஒன்று விடாமல் வந்தது. எழுந்துபோய்த் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

அப்போதுதான் நீ ஹாரன் அடித்தாய்.

தெருப் பிள்ளைகளுக்கு அடிப்பாயே, அந்தச் சின்ன ஹாரன்தான். கேட்டதும் எல்லாம் மறந்துபோனது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஷூவோடு அப்படியே படுத்துக்கொண்டேன்.

உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. நான் எழுந்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ சித்தியை வரவழைத்தது நல்லதுதான். நாளைக்கு அவளோடு அவள் ஊருக்குப் போகிறேன். அங்கே இருந்து, பள்ளியில் சேராமலே தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாமாம். எழுதுவேனா, தெரியாது. காலையில் சித்தி போனுக்குப் பண்ணாதே, எடுக்க மாட்டேன். சாயங்காலம் பண்ணு.

உன் மகள்