கேட்சரை மேலே கொண்டுவந்துவிட்டார்கள், மாமா

அன்புள்ள மாமா,

முதலில் நீங்கள் காத்துக்கொண்டிருந்த செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் பேஸ்பால் டீமுக்காகப் பந்து பிடிக்கிற அந்தக் கேட்சர் பையனை ஒருவழியாக மேலே, பெரிய லீக்குக்கே கொண்டுவந்துவிட்டார்கள். சின்ன லீக்கில் அவனை இன்னும் எத்தனை நாள் ஊறப்போடுவார்கள் என்று போன வருஷம் முழுக்கத் திட்டினீர்களே, அவன்தான். மே மாதத்தில் பழைய கேட்சருக்கு முழங்கால் போய்விட்டது. வேறு வழியில்லாமல் இவனைக் கூப்பிட்டார்கள். இப்போது இவனை உட்கார வைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பயிற்சி ஆட்டங்களில் நாலைந்து தடவை பார்த்துவிட்டு நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். "இவன் அடிக்கிறது போதாது மாமா, நம்பர் எல்லாம் அப்பிடித்தான் சொல்லுது" என்றேன். "பந்து போடறவன் பதறும்போது இவன் எந்திரிச்சுப் போயிப் பேசறானுங்க, பாருங்க. அது எந்த நம்பர்ல வருது?" என்றீர்கள். அது எந்த நம்பரில் வருகிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவன் வந்த பிறகு பந்து போடுகிற பிட்சர்கள் எல்லோரும் கொஞ்சம் நிதானமாகத்தான் போடுகிறார்கள். இதை நான் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருப்பீர்கள்!

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வித்யா உங்கள் ஒரே மகள், பல்லடத்துப் பெண். நான் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கன். நாங்கள் இருவரும் சந்தித்தது சான் ஹொசேயில், வேலை செய்த இடத்தில். எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. அதன் பிறகும் பல வருஷம் போனில்கூடப் பேசவில்லை. அத்தை மட்டும் நீங்கள் வெளியே போகிற நேரம் பார்த்து மகளைக் கூப்பிடுவார். அந்த அத்தை திடீரென்று இறந்துபோன பிறகு, வித்யா ஊருக்குப் போய், தனியாக இருந்த உங்களைக் கையோடு அழைத்துவந்தாள். பக்கத்து ஊரான மில்பிடாஸில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து நான் "வாங்கோ மாமா" என்றேன். நீங்கள் தலையை மட்டும் அசைத்தீர்கள்.

முதல் சில மாதங்கள் நான் எதிரில் இருக்கும்போதே மகளிடம், "அவருக்குக் காப்பி வேணுமான்னு கேளு சாமி" என்பீர்கள். கேட்க எனக்குச் சிரிப்பும் வரும், வலிக்கவும் செய்யும். உங்களுக்கு அது அதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் ஒரு சாயங்காலம் நான் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்தித்தாளை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துக் கேட்டீர்கள்: "நல்லாத்தானுங்களே போட்டுட்டு இருந்தான்? அவனை எதுக்குங்க வெளிய அனுப்பறாங்க?"

என்னிடம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி அது.

ஒரே பிட்சரின் பந்தை மூன்றாவது தடவை சந்திக்கும்போது அடிக்கிறவர்களுக்கு அவனுடைய கை பழகிவிடும், அதனால் முன்கூட்டியே ஆளை மாற்றிவிடுகிறார்கள் என்று விளக்கினேன். நீங்கள் நூற்பு மில்லில் ஆட்களை நியமிக்கும் அதிகாரியாக இருந்தவர். யாரை எந்த ஷிஃப்டில் போடுவது, யாரை எப்போது மாற்றுவது என்பதிலேயே ஆயுள் கழித்தவர். "அது சரிங்க. ஆனா இவனுக்கு இன்னைக்குக் கை பேசுது. ஆகாத நாள்ல மாத்தோணும், ஆன நாள்லயுமா மாத்துவாங்க?" என்றீர்கள். நான் எதிர்த்தேன். நீங்கள் விடவில்லை. ஆட்டம் முடிந்ததுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தோம். சமையலறையில் வித்யா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பிறகு சொன்னாள்.

பன்ட் விஷயத்தில் மட்டும்தான் நாம் முதலில் ஒத்துப்போனோம். பந்தை லேசாகத் தட்டிவிட்டுத் தான் அவுட்டாகி, முன்னால் ஓடி நிற்கிறவனை அடுத்த மூலையான பேஸுக்கு நகர்த்துவது உங்களுக்கு அறவே பிடிக்காது. "இருக்கறதே மூணு அவுட்டு. அதுல ஒண்ணைச் சும்மா தூக்கிக் குடுக்கறதா?" அன்றைக்கு என் நம்பர்களும் உங்கள் பக்கம் நின்றன. அந்தச் சந்தோஷத்தில் நீங்களே எழுந்துபோய் எனக்கும் ஒரு கிண்ணத்தில் மிக்சர் போட்டுக்கொண்டுவந்தீர்கள்.

நமக்குள் வந்த பெரிய சண்டையும் இந்த ஆட்டத்தால்தான். முதல் பேஸைக் காத்து ஆடும் அந்த வயதான முதல் பேஸ்காரரை வேறு ஊர் டீமுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு இளைஞர்களை வாங்கிய நாள். "நல்ல டிரேட் மாமா, அவரிட்ட வேகம் போயிட்டுது" என்றேன். நீங்கள் சாப்பிட வரவில்லை.

"காலம் பூரா இவங்களுக்கே ஆடுனவனுங்க. ஒரு போன்ல போகச் சொல்லீட்டாங்களே? கை ஓஞ்சா பெஞ்சுல உக்கார வெய்யுங்க. நம்மாளுன்னு ஆன பொறகு கணக்குப் பாக்கக் கூடாதுங்க."

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அப்ப நான் ஆர் மாமா? என்னை எப்ப நீங்கள் உங்கட ஆளெண்டு சொன்னனீங்கள்?"

வித்யா கையில் சாப்பாட்டுத் தட்டோடு நின்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வந்த நாளிலிருந்து என் முகத்தை அத்தனை நேரம் பார்த்தது அன்றுதான். பிறகு எழுந்து உங்கள் அறைக்குப் போய்விட்டீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், வித்யா இரண்டாவது முறையும் அப்பாவை இழக்கப்போகிறாள் என்று நான் பயந்துபோனேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது நீங்கள் வாசலில் ஸ்வெட்டரோடு நின்றுகொண்டிருந்தீர்கள். "இன்னைக்கு மேட்ச் இருக்குதுங்களா, மாப்ள?"

நான் ஷூவைக் கழற்றுவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன். "ஓம் மாமா, ஏழு மணிக்கு" என்றேன். அவ்வளவுதான். அதைப் பற்றி நாம் இருவரும் பிறகு ஒருநாளும் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவும் இல்லை.

அந்தக் கோடையில்தான் ரயிலேறி முதன்முறை மைதானத்துக்குப் போனோம். கடற்காற்றுக்கு நீங்கள் காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொண்டு, உருளைக்கிழங்கு வறுவலில் பூண்டு அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே தீர்த்துவிட்டீர்கள். ஏழாவது இன்னிங் இடைவேளையில், வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது, என் காதருகே குனிந்து ஒன்று சொன்னீர்கள். "வித்யாகிட்ட சொல்லாதீங்க" என்றும் சொன்னீர்கள். நானும் சரி என்றேன்.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் இதயம் நின்றுபோனது. அதைப் பற்றி உங்களுக்கே எழுத என்ன இருக்கிறது? அன்று காலைகூட டீமுக்கு யாரைப் புதிதாக எடுக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

வித்யா அழவில்லை, மாமா. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. எல்லாக் காரியமும் செய்தாள், வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள், அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். ஏப்ரலில் சீசன் தொடங்கியது. நான் டிவியைத் தொடவில்லை.

மே மாதம் ஒரு சாயங்காலம் அவளே டிவியைப் போட்டாள். போட்டுவிட்டுச் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில், "இந்தப் புதுக் கேட்சரை ஏன் எட்டாவதா அடிக்க விடறாங்க? ரெண்டாவதுல போடலாம்ல?" என்றாள்.

"உனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் கத்தினது பக்கத்து ஊர் ஃப்ரீமான்ட் வரைக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கேக்காதா?" என்றாள். பிறகு டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உன்கிட்ட அத்தனை பேசினாரு, அன்ரன். எங்கிட்ட மாத்திரை, காப்பி, குளிரு, அவ்வளவுதான். கல்யாணத்தைப் பத்தி ஒரு வார்த்தை? சாரின்னு சொல்ல வேண்டாம். ஏதாச்சும் ஒண்ணு?" என்றாள்.

அப்போதே சொல்லியிருப்பேன். மைதானத்தில் உங்களுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன்.

ஜூனில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நல்ல வெயில் நாள். நம்முடைய இளம் பிட்சர் அற்புதமாகப் போட்டுக்கொண்டிருந்தான். ஏழாவது இன்னிங்கில் எதிர் டீமில் அடுத்தடுத்து இரண்டு பேர் அடித்து பேஸில் நின்றார்கள். நாம் ஒரே ஒரு ரன் முன்னால். மானேஜர் படியேறி மைதானத்துக்குள் நடந்தார். நம்பர்படி பார்த்தால் பிட்சரை மாற்ற வேண்டிய இடம்தான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

வித்யா எழுந்து நின்றாள். "விடுங்க, அவனே போடட்டும்! நல்லாத்தானுங்களே போட்டுட்டு இருக்கறான்!" என்று கத்தினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய சான் ஹொசேத் தமிழ் எங்கே போனதோ, வந்தது முழுக்கப் பல்லடம். கேட்சர் பையன் ஓடிவந்து, கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு பிட்சரிடமும் மானேஜரிடமும் ஏதோ சொன்னான். மானேஜர் பிட்சரின் தோளில் தட்டிவிட்டு, அவனை மாற்றாமல் தனியாகத் திரும்பினார்.

அடுத்த பந்தே உயரப் பறந்து இடப்பக்கச் சுவரில் பட்டது. பேஸில் நின்ற இருவரும் ஓடிவந்து இரண்டு ரன். நாம் பின்தங்கினோம்.

வித்யா உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். "அப்பாவும் தப்பு, நானும் தப்பு" என்று சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். மாதக்கணக்கில் தேக்கி வைத்திருந்த அழுகை. பக்கத்து இருக்கை அம்மாள், தோற்கிறோமே என்று அழுகிறாள் என்று நினைத்து, ஒரு டிஷ்யூவை நீட்டி, இன்னும் இரண்டு இன்னிங் இருக்கிறது என்று தேற்றினார்.

அப்போது உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறினேன், மாமா. அதே மைதானத்தில் நீங்கள் என்னிடம் சொன்னதை, நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே அவளிடம் சொன்னேன்.

"எம்பொண்ணுக்கு இருந்த தைரியத்துல கால்வாசி எனக்கு இருந்திருந்தா, கல்யாணத்துக்கு வந்திருப்பேனுங்க. போட்டாவுல பாத்தேன். அந்தப் பச்சைச் சேலையில அவங்கம்மாவாட்டமே இருந்தா."

"பச்சைன்னு ஞாபகம் வெச்சிருந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒன்பதாவது இன்னிங் முடியும்வரை அப்படியேதான் இருந்தாள். அந்த ஆட்டத்தில் தோற்றுப்போனோம். வீடு திரும்பும் ரயிலில் அவளே உங்களைப் பற்றிப் பேசிக்கொண்டுவந்தாள். சின்ன வயதில் அவளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி மில்லுக்குக் கூட்டிப்போனதை எனக்கு நீங்கள் சொன்னதே இல்லை.

நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதைச் சொன்னது சரியா? எனக்குச் சரியென்றுதான் படுகிறது. உங்களுக்கும் அப்படித்தான் பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

மற்ற செய்திகள்: அந்த முதல் பேஸ்காரர் திரும்பி வந்துவிட்டார்! பெஞ்சில்தான் இருக்கிறார், அவசரத்துக்கு அடிக்க அனுப்புகிறார்கள். நீங்கள் சொன்ன இடம்தான். உண்மையைச் சொன்னால் இதுவரை பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் இளைஞர்கள் அவரைச் சுற்றியே உட்கார்கிறார்கள். டிரேடில் வாங்கிய இருவரில் ஒருவன் நன்றாக ஆடுகிறான். ஆகவே அந்தச் சண்டையை ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம்.

டீம் இப்போது இரண்டாம் இடத்தில் இருக்கிறது. டிரேடுக்கான கெடு நெருங்குகிறது. ஒரு பெரிய பிட்சருக்காகக் கேட்சர் பையனைக் கொடுக்கலாமா என்று பேச்சு அடிபடுகிறது. வித்யா கொடுக்கவே கூடாது என்கிறாள். நானும் அப்படியே. இந்த வீட்டில் முதல்முறையாக எல்லோரும் ஒரே பக்கம். பிட்சரை எப்போது மாற்றுவது என்பதில் மட்டும் அவள் உங்கள் கட்சி. ஜூனில் பட்டும் மாறவில்லை. மேஜர் லீக் மானேஜர்கள் எல்லோருக்கும் கோழை என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன், மாமா. நீங்கள் போய்விட்டீர்கள் என்பதற்காக எந்த வாதத்திலும் உங்களுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொன்னது சரியென்றால் சத்தமாகச் சொல்வேன். தப்பென்றால் உங்கள் மகளோடு மல்லுக்கு நிற்பேன். இறுதிச் சுற்று நடக்கும் அக்டோபர் வரை டீம் தாக்குப்பிடித்தால், எங்கிருந்தாவது டிக்கெட் பிடித்து அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். எனக்கென்னவோ இந்த வருஷம் தாக்குப்பிடிக்கும் என்றுதான் தோன்றுகிறது.

என்றும் உங்களோடு வாதாடும்,
உங்கள் வித்யாவின் கணவன், உங்கள் மருமகன்
அன்ரன்
மில்பிடாஸ்