கிரகணத்தில் கட்டிய ஆடு

மாசி, புதன்

காலையில் பனி. செம்மேட்டுப் பேருந்து தாமதம். வாங்க வேண்டியவை: சாக்பீஸ், சோப்பு, பல்புகள்.

நேற்று மாலை சந்திர கிரகணம். ஏழாம் வகுப்புக்குச் சொல்லியிருந்தேன்: பதில் வேண்டாம், சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வியோடு வாருங்கள்.

நிலா ஏன் கறுக்காமல் சிவந்தது? நிழல் ஏன் வளைவாக இருந்தது? நல்ல கேள்விகள்.

பிறகு தாரணி. "கிரகணத்துல வெளிய வந்தா வயித்துப் புள்ளைக்கு ஆகாதுங்கறாங்களே, நெசமாங்க டீச்சர்?"

எப்படிச் சோதிப்பாய் என்றேன்.

"சோதிச்சுட்டனுங்க. எங்க சினை ஆட்ட வாசல்ல கட்டிட்டேன்."

"ஆட்டுக்கு வளைகாப்பு வெச்சியாடி?" பின் வரிசை. நானும் சிரித்தேன்.

"அம்மாதான் வந்து அவுத்துட்டாங்க."

அவள் அம்மாவுக்கு எட்டாம் மாதம்.

வியாழன்

தாரணியின் அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டு, வாசற்படியில் நின்றபடியே.

"ஆடு போனா போகுதுங்க டீச்சர். அவங்கம்மாவும் அந்நேரம் வெளிய வந்துட்டாளே. நேத்துல இருந்து சோறு எறங்கலீங்க. ஆட்டுக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும்ங்கறா."

ஒரு ஆட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். கேட்டுக்கொண்டார். "அத அவகிட்ட வந்து சொல்லுங்க."

ஹெச்.எம்.: "பாடத்துல இருக்கறத மட்டும் நடத்துங்கம்மா. குட்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்தக் கேள்வி கேக்கற வகுப்பே வேண்டாம்."

தலைவலி. துணி துவைக்கவில்லை.

வெள்ளி

தாரணி வீட்டுக்குப் போனேன். அம்மா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பூமியின் நிழல்தான், வெறும் நிழல் என்றேன். என் குரல் எனக்கே பாடப் புத்தகமாகக் கேட்டது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருப்பதாகக் கிராம நர்ஸ் சொன்னாரே என்றும் கேட்டேன்.

"நர்ஸம்மா சொன்னாங்க. ஆடு இன்னும் சொல்லலீங்களே."

கொட்டிலில் ஆடு அசை போட்டுக்கொண்டிருந்தது. வயிறு ஒரு பக்கமாகச் சரிந்து. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான், இயற்பியல் முதுகலை.

திங்கள்

லேசான தூறல். விடியும் முன்பே ஆடு குட்டி போட்டுவிட்டது. இரண்டு. இரண்டும் எழுந்து நின்று பால் குடிக்கின்றன. தாரணியின் அம்மா சாப்பிட்டாளாம், இரண்டாம் முறை கேட்டு வாங்கி.

ஹெச்.எம். சிரித்தார். "தப்பிச்சீங்கம்மா." நானும் சிரித்தேன். வகுப்பில் கைதட்டல். தட்டவிட்டேன்.

தாரணி மட்டும் கை தூக்கினாள்.

"குட்டி செத்துப் பொறந்திருந்தா, ஒரு ஆட்ட வெச்சு சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருப்பீங்கதானுங்க?"

ஆமாம்.

"இப்ப ஏனுங்க சொல்லல?"

உட்கார் என்றேன்.