கடலில் இறங்கித் திரும்பியவள்

அக்கா,

பக்கத்துக் கட்டிலில் யாரோ சாத்துக்குடி உரிக்கிறார்கள். அந்த வாசனை வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. சென்னையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு ரயிலில் திரும்பும்போது, குமட்டலை அடக்க அந்தத் தோலைத்தான் மூக்கருகே பிடித்துக்கொண்டிருப்பாய். கூடுவாஞ்சேரி தாண்டும்வரை கண்ணைத் திறக்க மாட்டாய்.

நான் இப்போது செங்கல்பட்டில், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கட்டிலில் என் வீட்டுக்காரர். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார், எச்சில்தான் வழிகிறது. ஜெபிக்கக் கண்ணை மூடினால் எனக்குள் ஒன்றுமே இல்லை, அக்கா. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

தொண்ணூறுகளில் சனிக்கிழமைதோறும் நம் சபைப் பெண்களோடு இங்கேதான் நோயாளிகளைப் பார்க்க வருவோம். நீதான் முன்னால் நடப்பாய். ஒரு ரொட்டிப் பொட்டலம், ஒரு ஜெபம், அடுத்த கட்டில். குடும்பச் சண்டையில் உயிரை விடப் பார்த்துப் பிழைத்துக் கிடந்த ஒரு பெண்ணிடம், "ஆண்டவரு குடுத்த உசுர எடுக்க நீ யாரு? எவ்ளோ பெரிய பாவம் தெரியுமா?" என்று கேட்டாய். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல மாட்டேன். வலி என்பது அதுவரை நீ கேள்வி மட்டும் பட்டிருந்த ஊர்.

பிறகு உன் மார்பில் கட்டி வந்தது. அறுவை முடிந்து, முடியெல்லாம் கொட்டி நீ படுத்திருந்தபோது சபைக்காரர்கள் வந்தார்கள். "மறஞ்ச பாவம் எதுனா இருந்தா அறிக்கை பண்ணிடுங்க சிஸ்டர், சொகமாயிடும்" என்றார் ஒருவர். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டாய். அவர்கள் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் இப்டித்தானடி பேசிகினு இருந்தேன்" என்றாய்.

கட்டி மறுபடி வந்து எலும்புக்கும் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன வாரம், "மாமல்லபுரம் போலாம், வா" என்று கூப்பிட்டாய். நல்ல வெயில். கூட்டம் இல்லாத பக்கமாக, படகுகள் ஏற்றி வைத்திருந்த இடத்துக்கு என்னைக் கூட்டிப் போனாய். "கால நனச்சுகினு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாய். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, நீ நிற்கவில்லை. நான் ஓடிவந்து உன் புடவையைப் பிடித்தேன்.

"வுடுடீ! எவ்ளோ கத்திட்டேன் ஆண்டவராண்ட. சொவத்தாண்ட பேசுற மாரி கீது. வுடு என்ன!"

அலை நம் இருவரையும் புரட்டிப் போட்டது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து நம்மைக் கரைக்கு இழுத்தாள். உன் தலையில் கட்டியிருந்த துணி கடலோடு போயிருந்தது. அவள் எதையும் கேட்கவில்லை. முந்தானையால் உன் மொட்டைத் தலையைத் துடைத்துவிட்டு, "அழு கண்ணு, அழு" என்று மடியில் சாய்த்துக்கொண்டாள். கருவாட்டைக் காக்கை கொத்திக்கொண்டு போனது. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பேருந்தில் வரும்போது நீ பேசியது ஒன்றே ஒன்றுதான். "அந்தம்மா ஒரு பைபிள் வசனம் கூட சொல்லல, பாத்தியா?"

அதற்குப் பிறகு உனக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. "இன்னிக்கும் பதில் வரல" என்றுதான் சொல்வாய். ஆனாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இதே ஆஸ்பத்திரிக்கு வந்தாய். படாளத்துப் பெண் ஒருத்தி. கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளும் உயிரை விடப் பார்த்தவள்தான். கஞ்சியைத் தொடாமல், யாரிடமும் பேசாமல் கிடந்தாள். நீ மெல்லக் கட்டிலோரம் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாய்.

"நானும் கடல்ல எறங்குனவதாம்மா."

அவள் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாத்துக்கு?"

"தாங்கல. அதான்."

"இப்ப?"

"இப்பவும் தாங்கலதான். சிலுவையில தொங்குறப்ப ஏன் என்ன கைவுட்டீருன்னு அவரே கத்துனாரே. அப்போ நம்ம கத்துறது அவருக்குப் புரியும்ல? அத நெனச்சுகினுதான் கீறேன்."

இருவரும் அழுதீர்கள். கஞ்சியை நீ ஊட்டினாய். உனக்கே கரண்டி பிடிக்கத் தெம்பில்லை. பாதி அவள் கழுத்தில் சிந்தியது. அவள் பிழைத்து வீட்டுக்குப் போனாள். நீ அந்த வருஷக் கிறிஸ்துமஸைப் பார்க்கவில்லை. கடைசியில் வலியில் முனகினாயே தவிர, ஆண்டவர் நல்லவர் என்று யாருக்கும் சாட்சி சொல்லவில்லை. அதற்காகச் சிலர் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்படவில்லை.

இன்று காலை ஒரு பெண் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷனுக்கும் பக்கவாதம். எனக்கு எழவே தெம்பில்லை. இருந்தும் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரருக்கும் இதேதான் என்றேன்.

"உங்க வூட்டுக்காரரு பொழச்சுப்பாராக்கா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. எனக்கும் பயமா கீது."

அவள் என் தோளில் சாய்ந்தாள். இருவரும் அப்படியே இருந்தோம்.