பாலிக் புலாவ் வீட்டு மனுவும் ஒரு சாவியும்

அன்பு மகள் சாந்தினிக்கு,

ஜார்ஜ் டவுனிலிருந்து சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே வலித்துச் சொல்லிவிடுகிறது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை குகனும் நலமாக இருக்க முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நான் சொன்னால் அவர் தட்டுவதில்லை.

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோது நீ கையெழுத்துப் போட்டுத் தந்த சொத்து மனுவைப் போன செவ்வாய்க்கிழமை பாலிக் புலாவ் நில அலுவலகத்தில் கொடுத்தேன். சின்னச் சொத்து என்பதால் கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே விசாரித்துப் பிரித்துக் கொடுப்பார்களாம். வக்கீல் வேண்டாம் என்று மீதியை நானே நிரப்பினேன், ஆறாம் வகுப்போடு நின்றவன் எழுதியது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். என் மலாயைக் கேட்டு முகப்பில் இருந்த ரொஸ்னா என்ற அம்மா, பாக்சிக், அதாவது மாமா, முன்னே வாத்தியாரா என்று கேட்டார், நான் இல்லை என்று சொல்லவில்லை. காத்திருந்த முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள், நாற்பதுகூட இருக்கும். வாரிசுகள் என்ற இடத்தில் மகள் சாந்தினி, மனைவி புஷ்பவள்ளி என்று எழுதியிருந்தேன். ரொஸ்னா கல்யாணப் பதிவுச் சான்று கேட்டார். நான் புக்கிட் மெர்தாஜாம் கோயிலில் அண்ணன் அண்ணிக்குத் தாலி கட்டுகிற படத்தை எடுத்து நீட்டினேன், அதில் பட்டு ஜிப்பாவோடு தட்டுப் பிடித்து நிற்பவன் நான்தான், மாப்பிள்ளையைவிட எடுப்பாக இருப்பேன். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் பதியாத கல்யாணம் சட்டத்தில் செல்லாது என்றார். அரை மணி நேரம் வாதாடினேன். பிறகு பேனாவை வாங்கி அந்த வரியை நானே அடித்தேன். இப்போது நீ ஒருத்திதான் வாரிசு, வீடும் பின்னாலிருக்கும் ஜாதிக்காய் மரங்களும் உனக்கே.

இதில் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தொண்ணூற்றாறில், உனக்கு ஏழு வயது, உன் அம்மா போன பிறகு அண்ணிக்குத் தாலி கட்டிய மறுவாரம் கல்யாணத்தைப் பதிய அண்ணன் நாள் வாங்கியிருந்தார். நான் அன்றைக்குத்தான் புதுக் காடி எடுத்திருந்தேன். "சாமி முன்னால கட்டின தாலிக்கு கவர்மெண்ட் சீட்டு எதுக்குண்ணே, வாங்க லா ஒரு ரவுண்டு போவோம்" என்று உங்கள் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு தைப்பிங் வரை ஓட்டினேன். திரும்பும்போது நீ அண்ணி மடியில் தூங்கிவிட்டாய். அடுத்த வாரம் போகலாம் என்றோம், அப்புறம் யாரும் போகவில்லை. இதை நான் ரொஸ்னாவிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணியிடம் போய் மனு விஷயத்தைச் சொன்னபோது ஜாதிக்காயைப் பிளந்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தவில்லை. "ரெண்டு சாவி இருக்கு தம்பி, ஒண்ண அவளுக்கு அனுப்பிடுங்க. வீட்டுக்காரி கிட்ட சாவி இல்லன்னா எப்படி" என்றார். நீ அவரோடு அதிகம் பேசுவதில்லை என்பது எனக்குத் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. விசாரணை மார்ச் பதினேழு. எல்லாவற்றையும் நீயே வைத்துக்கொண்டாலும் சட்டம் தடுக்காது. வீட்டை அவருக்கு விட மனமிருந்தால் இதோடு வைத்திருக்கும் சம்மதப் பாரத்தில் அங்கே உள்ள மலேசியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, தேதிக்கு முன்னால் வந்து சேரும்படி அனுப்பு.

குளிர்காலத்தில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் வாழ வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்றதையெல்லாம் ஒரு பங்கு குறைத்துப் படித்துக்கொள், இதை மட்டும் குறைக்காதே. உறையில் இருப்பது முன்கதவுச் சாவி. அண்ணி இப்போது பின்கதவு வழியாகத்தான் வந்து போகிறார்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
நல்லமுத்து