இஸ்திரிப் பெட்டியில் வெந்த மீன்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். அத்தையின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? நேற்று மச்சான் என்னைத் தேடி மீன் மார்க்கெட்டுக்கே வந்துவிட்டார். திரும்பி வருவதா, அம்மா வீட்டிலேயே இருந்துவிடுவதா என்று இந்த மாதக் கடைசிக்குள் நீ முடிவு சொல்லப் போகிறாயாம். உங்க பக்கம் என்ன இருக்கோ அதை ஒரு கடிதமா எழுதுங்க மாப்பிள்ளை என்றார். என் பக்கம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதனால் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அடுப்பும் பாத்திரமும் உன் அம்மா வீட்டில் கொடுத்தவை. நீ கொண்டுபோனதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே மிச்சம் இருப்பது இஸ்திரிப் பெட்டி, கரண்ட் கெட்டில், என் கத்திகள். இரண்டு வாரம் பன்னைத் தின்று ஓட்டினேன். பிறகு ஒரு நாள் நாலு மத்தியைக் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பேக்கரிக்காரர் கொடுத்த அலுமினியத் தாளில் சுற்றி, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பருத்திக்கு வைக்கிற சூடு, பக்கத்துக்கு ஏழு நிமிடம். வெந்துவிட்டது. மறுநாள் தேய்த்த சட்டையெல்லாம் மத்தி வாசம். மார்க்கெட்டில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே எல்லோர் சட்டையும் அப்படித்தான்.

நண்டுதான் படுத்திவிட்டது. தண்ணீர் கொதித்ததும் கெட்டில் தானாக அணைந்துவிடும், நண்டு அரைவேக்காட்டில் நிற்கும். அப்புறம் நண்டின் ஒரு காலை மட்டும் மூடிக்கு வெளியே நீட்டிவிட்டேன். மூடி சரியாக மூடாததால் கெட்டில் அணையவே இல்லை, விடாமல் கொதித்தது. நீ இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். ஒரு வாரம் டீயெல்லாம் நண்டு. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வேலை கிடக்குதுப்பா என்று எழுந்து போய்விட்டார்.

கணவாயை வளையம் வளையமாக நறுக்கி, இஸ்திரிப் பெட்டியை இரண்டு செங்கலுக்கு நடுவில் மல்லாக்க நிறுத்தி, அதன் மேல் போட்டு எடுத்தேன். முதல் தடவை செருப்பு மாதிரி இருந்தது. கணவாயை ஒண்ணு சட்டுனு எடுத்துடணும், இல்லேன்னா ரொம்ப நேரம் வேகவிடணும், நடுவுல எடுத்தா ரப்பர்தான் என்று தையல்காரம்மா சொல்லிக் கொடுத்தார். இருபது வருடமாக, மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் குழம்புக்கா பொரிக்கவா என்று கேட்டுக் கேட்டு வெட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கணவாய் பதமாக வந்தது. அரை மணி நேரம் குனிந்தே நின்றதில் இடுப்பு விட்டுப்போய்விட்டது. தையல்காரம்மாவுக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்றார்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நானும் இதைத்தானே சொன்னேன்.

வெறும் கையோடு நீ வந்தாய். நான் வஞ்சிரம் வெட்டிக் கொண்டுவந்து, குழம்புக்கு வெட்டியிருக்கேன் என்று உன் கையில் கொடுத்தேன். நீ வாங்கிச் சமைத்தாய். நான் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உப்பைப் பற்றிச் சொன்னேன். பாத்திரத்தையெல்லாம் நீ ஏன் மூட்டை கட்டினாய் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. மச்சான் கேட்டபோதுகூடத் தெரியாது என்றுதான் சொன்னேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே தெரியாது.

எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அன்று கை மட்டும்தான் என்னிடம் இருந்தது. கைக்குத் தெரிந்தது மீன் வெட்டுவது. அதனால் வெட்டினேன். இதை நியாயம் என்று எழுதவில்லை. நடந்தது இது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. பிரசவத்தன்று பாப்பாவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நர்ஸ் வெளியே வந்தார். உயிரோடு பிறக்கவில்லை என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். முகத்தை ஒரு தடவை பாத்துக்கறீங்களா என்று நர்ஸ் கேட்டார். மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டேன். அன்று மார்க்கெட் விடுமுறை. பூட்டிய கேட்டுக்கு முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. வந்தால் ஒரு கரண்டிகூடக் கொண்டுவர வேண்டாம், நானே சமைத்துப் போடுகிறேன். வர மனம் இல்லை என்றாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மச்சானிடம் அதையே சொல்லி அனுப்பு. ஆனால் இந்தக் கடிதத்துக்கு மட்டும் உன் கையால் ஒரு பதில் எழுது. நீ பார்த்தாய் அல்லவா? முடி இருந்ததா? கண் மூடியிருந்ததா? யார் ஜாடை? மறைக்காமல் எழுது. நான் தாங்கிக்கொள்வேன்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு. உடம்பு தேறி, நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா